கிறிஸ்துமஸ் பயணத்துக்கு நான் போட்ட டியூட்டி சார்ட்

நவம்பர் 11, மத்தியானம்

அன்பு மகள் பெரியவளுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அம்மாவும் மூன்று வேளை சாப்பிட்டு, இரண்டு வேளை மாத்திரை போட்டு, ஒரு வேளையாவது சண்டை போட்டு, நலம் என்று சொல்லிக்கொள்ளும் அளவுக்கு இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் அங்கே எங்களைவிட ஒரு மடங்காவது கூடுதல் நலத்தோடு இருக்க வேண்டும். பேத்திக்குப் பல் விழுந்ததைப் படமெடுத்து அனுப்பியிருந்தாயே, பார்த்தேன், அந்த ஓட்டை வாயோடு சிரிப்பதைப் பார்த்து எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. இங்கே பின்பக்கக் குழாய் இன்னும் சொட்டிக்கொண்டுதான் இருக்கிறது, பிளம்பர் பன்னிரண்டு நாளாக நாளைக்கு வருகிறார். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நீ நினைக்கலாம். போனில் உன் தம்பி பேச்சை எடுத்தாலே "சரிப்பா, அடுப்புல வெச்சிருக்கேன், அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுகிறாய், உன் வீட்டு அடுப்பில் இந்த மூன்று வருஷமாக என்னதான் வேகிறதோ தெரியவில்லை. கடிதத்தை அப்படி வைத்துவிட முடியாது, வைத்தாலும் எழுத்து அழியாது, அதனால்தான் உட்கார்ந்தேன்.

முதலில் ஒரு விஷயம், உங்கள் மூன்று பேரிடமும் சொல்லக் கூடாது என்று அம்மா என்னிடம் சத்தியம் வாங்கியது. சத்தியத்தை உடைக்கிறேன், அந்தப் பாவம் என்னோடு போகட்டும். அம்மாவுக்குக் கண் போய்க்கொண்டிருக்கிறது. ஆகஸ்டு மாதம் ஒரு காலையில் காபியைக் கையில் கொடுத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள், "காது ரெண்டும் இருக்கு, நடுவுல மூக்கக் காணோமே" என்றாள். கிண்டல் செய்கிறாள் என்று நானும் சிரித்தேன், அதை நினைத்தால் இப்போது என்னையே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது. கண் மருத்துவமனையில் கட்டம் போட்ட ஒரு தாளைக் கொடுத்துப் பார்க்கச் சொன்னார்கள், நடுவில் இருக்கும் கட்டமெல்லாம் வளைந்து உருகிப்போகிறது என்றாள். இடது கண் அநேகமாக முடிந்துவிட்டது, வலது கண்ணில் ஆரம்பித்திருக்கிறது. மாதா மாதம் கண்ணுக்குள்ளேயே ஊசி போடுகிறார்கள், பல்லைக் கடித்துக்கொண்டு போட்டுக்கொள்கிறாள், அது வேகத்தைக் குறைக்குமே தவிர நிறுத்தாது. முழுதாக இருட்டாகிவிடாது, வீட்டுக்குள் நடமாடலாம், ஓரத்தில் இருப்பது தெரியும், ஆனால் எதை நேராகப் பார்க்கிறாளோ அது மட்டும் தெரியாது என்று டாக்டர் சொன்னார். முகம்தான் முதலில் போகுமாம், வரும் கோடை வரைக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள் என்றார். இப்போதே என் முகத்தைப் பார்க்க வேண்டுமென்றால் என் தோளுக்கு அந்தப் பக்கம் யாரோ நிற்பது போலப் பார்க்கிறாள். கடையில் ஒருவர் தன்னை முறைப்பதாக நினைத்துக்கொண்டு, யாரைப் பார்க்கிறீர்கள் என்று சண்டைக்கு வந்துவிட்டார். இந்த டிசம்பரை விட்டால் உங்கள் மூன்று பேர் முகத்தையும் அவள் பார்க்க வழியில்லை. தனித்தனியாக இல்லை, சேர்த்து வைத்து. அதற்காகத்தான் இந்தப் பயணத்தையே ஆரம்பித்தேன், உங்களிடம் அதைச் சொல்லாமலே.

நம் வீட்டுக்குக் கூப்பிட்டால் நீயும் வர மாட்டாய், அவனும் வர மாட்டான், அந்தச் சமையலறை வாசலைத் தாண்டவே இரண்டு பேருக்கும் கால் வராது என்று தெரியும். அதனால் யாருக்கும் சொந்தமில்லாத இடமாக இருக்கட்டும் என்று நகரத்தைப் பிடித்தேன். உன் விமானமும் அங்கேதான் இறங்குகிறது, தம்பிக்கு ரயிலில் ஆறு மணி நேரம், கடைக்குட்டி அங்கேயே ஓட்டலில் ரிசப்ஷனில் நிற்கிறாள், அறைக்கும் கவலையில்லை. நான்கு நாள், இருபத்துமூன்றிலிருந்து இருபத்தாறு வரை. உன்னிடம் கேட்டபோது "அவன் வர்றானா?" என்றாய். அவனிடம் கேட்டபோது "அக்கா வருதா?" என்றான். ஒரே மாதிரி கேட்பதில் மட்டும் உங்களுக்குள் இவ்வளவு ஒற்றுமை. இரண்டு பேருக்கும் நான் ஒரே பதிலைத்தான் சொன்னேன், வருவது வாஸ்தவம், ஆனால் நீ பார்க்க வேண்டியிருக்காது, அதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று. உடனே இரண்டு பேரும் சரி என்றீர்கள், எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. முப்பத்திரண்டு வருஷம் பஸ் டிப்போவில் டியூட்டி சார்ட் போட்டவன் நான், நூற்று நாற்பது டிரைவர் கண்டக்டரை ஒருவர் மேல் ஒருவர் மோதாமல் ஓட்டியவனுக்கு ஒரு குடும்பம் எந்த மூலைக்கு என்ற திமிர். பழைய சார்ட் தாளையே எடுத்தேன், உனக்கு நீல மை, தம்பிக்குச் சிவப்பு, எனக்கும் அம்மாவுக்கும் பச்சை, கடைக்குட்டியைப் பென்சிலால் ஸ்பேரில் போட்டேன், எங்கே ஆள் குறைகிறதோ அங்கே அவள் ஓட வேண்டும்.

மூன்று நாள் உட்கார்ந்து போட்டேன். உனக்கு மூன்றாவது மாடி, அவனுக்கு ஏழாவது மாடி, நீ முன்பக்க லிப்ட், அவன் பின்பக்க லிப்ட். அருங்காட்சியகம் உனக்குக் காலையில், அவனுக்கு மத்தியானம். ஆற்றில் படகுச் சவாரி உனக்கு இருபத்துநாலு, அவனுக்கு இருபத்தாறு. பெரிய சதுக்கத்தில் விளக்குப் போட்டு ஒரு மரம் வைப்பார்களாமே, அதைப் பேத்தி ஆறு மணிக்குப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டும், தம்பியும் மருமகளும் ஏழரைக்குப் போவார்கள். கிறிஸ்துமஸ் அன்று காலை ஆராதனை ஏழுக்கு ஒன்று, ஒன்பதரைக்கு ஒன்று, நாங்கள் கிழவனும் கிழவியும் இரண்டுக்கும் போய் ஒரே பாட்டை இரண்டு முறை பாடுவோம். மத்தியானச் சாப்பாடு பன்னிரண்டு மணிக்கு உன்னோடு, இரண்டு மணிக்கு அவனோடு, அம்மா இரண்டு முறை சாப்பிட வேண்டும், நான் இரண்டு முறை கேக்கைப் புகழ வேண்டும். போட்டோவும் இரண்டு. கடைக்குட்டியிடம் இதைச் சொன்னபோது, "ரெண்டையும் போன்ல ஒட்டிக்கலாம்பா, பார்த்தா ஒண்ணா நின்ன மாதிரியே இருக்கும்" என்றாள், கிண்டல் என்று புரிந்துகொள்ளாமல் அதையும் ஓரத்தில் குறித்துக்கொண்டேன். சார்ட்டில் ஓர் இடத்தில் மட்டும் இடித்தது. இருபத்தைந்தாம் தேதி நீ சாப்பிட்டுக் கிளம்புவதற்கும் அவன் இறங்கி வருவதற்கும் நடுவே கீழே வரவேற்பறையில் பத்து நிமிஷம் இரண்டு பேரும் இருக்க நேரலாம். அதைச் சுற்றிக் கட்டியாக வட்டம் போட்டு "கவனம்" என்று எழுதி வைத்தேன்.

போன செவ்வாய்க்கிழமை அம்மாவை உட்கார வைத்து முழுவதையும் படித்துக் காட்டினேன். அவளால் படிக்க முடியாதே. டிப்போவில் சுவரில் ஒட்டுமுன் சூப்பர்வைசரிடம் படித்துக் காட்டுவேன் பார், அதே மிடுக்கோடு நேரம் நேரமாகப் படித்தேன். தலையணை உறைகளை மடித்துக்கொண்டே கேட்டாள், குறுக்கே பேசவில்லை. முடித்ததும், "எல்லாரும் சேர்ந்து இருக்கறது எந்த நேரத்துல?" என்று கேட்டாள். விரலை வைத்துத் தேடினேன், பெரியவளே. இருபத்துமூன்றில் தேடினேன், இருபத்துநாலில் தேடினேன், தாளின் கடைசி வரைக்கும் விரல் போய்விட்டது. இந்தப் பத்து நிமிஷம்தான் இருக்கிறது என்றேன், வட்டம் போட்டிருப்பதையும் மறைக்காமல் சொல்லித் தொலைத்தேன். "அந்தப் பத்து நிமிஷத்தையுமா வட்டம் போட்டு விரட்டி வெச்சிருக்கீங்க?" என்றாள். கோபப்பட்டிருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பேன். அவள் எழுந்து போய் உறைகளை அலமாரியில் வைத்துவிட்டு, போட்ட சார்ட் நல்லாத்தான் இருக்கு, ஆனா நான் வரலை, நீங்க போயிட்டு வாங்க என்று சொல்லிவிட்டாள். எதற்காக இத்தனையும் செய்தேனோ அதையே விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் கச்சிதமாகச் செய்து முடித்திருக்கிறேன். இப்படி ஒரு தப்பைச் செய்ய உன் அப்பாவால்தான் முடியும்.

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. டிப்போவில் இருந்தபோது இரண்டு டிரைவர்கள் இருந்தார்கள், ஒருவரை விசில் என்போம், இன்னொருவரைக் குடைக்காரர் என்போம், வெயிலோ மழையோ குடையில்லாமல் வர மாட்டார். பஸ்ஸைப் பின்னால் எடுக்கும்போது யார் கண்ணாடியை யார் உடைத்தது என்று ஒரு நாள் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். நான் ஒருவரைக் காலைக்கும் ஒருவரைச் சாயங்காலத்துக்கும் தூக்கிப் போட்டேன், பதினொரு வருஷம் ஒரு புகார் இல்லை, அதற்காக எனக்குப் பாராட்டுக் கடிதம்கூடக் கொடுத்தார்கள், சட்டம் போட்டு மாட்டியிருக்கிறதே, அதுதான். விசில் மாரடைப்பில் போய்விட்டார். அடக்கத்துக்கு மறுநாள் குடைக்காரர் என்னைத் தேடி வந்தார், உள்ளே வரவில்லை, நின்றபடியே சொன்னார், "ஒரு நாள் எங்களை ஒரே ஷிப்டுல போட்டிருந்தா நானே பேசியிருப்பேன் சார். தானா போய் நிக்க வெக்கமா இருந்துச்சு. நீங்க போடுவீங்க, போடுவீங்கன்னு ஒவ்வொரு மாசமும் சார்ட்டப் பார்த்துட்டே இருந்தேன்." அவருக்கு என்ன பதில் சொன்னேன் என்றுகூட நினைவில்லை, டீ குடிக்கிறீர்களா என்று கேட்டிருப்பேன். அதை மறந்தே போயிருந்தேன், அம்மா அலமாரிக் கதவைச் சாத்திய நேரத்தில்தான் அந்த மனுஷர் முகம் வந்து நின்றது.

உங்கள் சண்டையையும் நான்தான் வளர்த்தேன். அன்று நடந்ததை எழுதுகிறேன், கோபப்படாதே, இந்த மூன்று வருஷமாக நாம் எல்லாரும் அதைப் பூசி மெழுகியே பழகிவிட்டோம். மருமகளுக்கு ஐந்தாம் மாதத்தில் குழந்தை தங்காமல் போய் மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. நீ தட்டுகளைத் துடைத்துக்கொண்டே, "விடுடா, இன்னும் வயசிருக்கு, அடுத்தது நல்லபடியா வரும்" என்றாய். ஆறுதலாகத்தான் சொன்னாய், நான் பக்கத்தில் இருந்தேன், எனக்குத் தெரியும். அவன், "உன் குழந்தைய இடுப்புல வெச்சுக்கிட்டு எனக்கு ஆறுதல் சொல்ல வராதே, வெளிய போ" என்று கத்தினான், அதுவும் தப்புதான், அக்காவை வெளியே போ என்று சொல்ல அவனுக்கு என்ன உரிமை. அதற்குப் பிறகு நீ சொன்னதை எழுதக் கை கூசுகிறது, ஆனாலும் எழுதுகிறேன். "உன்னை மாதிரி ஒருத்தனுக்குப் பிறக்காம அது தப்பிச்சுது" என்றாய். மருமகள் பக்கத்து அறையில் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள், கதவு திறந்திருந்தது. அந்த நேரத்தில் ஓர் அப்பன் என்ன செய்திருக்க வேண்டும்? உங்கள் இரண்டு பேர் காதையும் பிடித்து இழுத்து உட்கார வைத்திருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா, உன்னை ஒரு நாள் முன்னதாகவே விமானம் ஏற்றி அனுப்பினேன். கொஞ்ச நாள் அவனுக்குப் போன் செய்யாதே, ஆறட்டும் என்று உன்னிடம் சொன்னேன். அவளாகப் பேசும்வரை நீ பேசாதே என்று அவனிடம் சொன்னேன். சின்ன வயதிலிருந்து அப்பா பேச்சை ஒரு நாளும் கேட்காத பிள்ளைகள், இதை மட்டும் அப்படியே கேட்டீர்கள். காலை ஷிப்டு, சாயங்கால ஷிப்டு. மூன்று வருஷமாக ஒரு புகார் இல்லை.

புதன்கிழமை தம்பிக்குப் போன் செய்து, சார்ட்டெல்லாம் கிடையாது, இருபத்தைந்தாம் தேதி ஒரே மேசை, ஒரே சாப்பாடு என்றேன். "முன்ன சொன்னபடின்னா வர்றோம்பா. அவ அந்த மேசையில இருந்தா இவளைக் கூட்டிட்டு வந்து நான் எப்படி உக்கார வெப்பேன்?" என்றான். அவன் குரலில் கோபம்கூட இல்லை. கடைக்குட்டியிடம் நீயாவது இரண்டு பக்கமும் பேசிப் பாரேன் என்றேன், "உங்க எல்லாருக்கும் நடுவுல நின்னு நின்னே எனக்கு வயசாயிடுச்சுப்பா, இனிமே என்னால ஆகாது" என்று அழுதுவிட்டாள். அழுகிற பெண்ணை வைத்துக்கொண்டு போனில் என்ன செய்வது, சாப்பிட்டாயா என்று கேட்டேன். இப்போது நிலைமை இதுதான். தம்பி வர மாட்டான், அம்மா வர மாட்டாள், நீ என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியும். கண் விஷயத்தைச் சொல்லிவிடலாம், எல்லாரும் ஓடி வருவார்கள் என்று அம்மாவிடம் கெஞ்சினேன். "கண்ணுக்காக வந்தா என் கண்ணத்தான் பார்த்துட்டு உக்காந்திருப்பாங்க, ஒருத்தர ஒருத்தர் பார்க்க மாட்டாங்க" என்று ஒரேயடியாக மறுத்துவிட்டாள். அவள் சொல்வது சரி என்றே தோன்றுகிறது, ஆனாலும் வேறு வழி தெரியாமல் உனக்கு எழுதிவிட்டேன், சாயங்காலம் தம்பிக்கும் எழுதுவேன்.

நேற்றுச் சாயங்காலம் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தபோது அம்மாவே பேசினாள். நான் கேட்கவில்லை. ரெண்டு பேரையும் சேர்த்துக் கடைசியாப் பார்த்தது அன்னைக்குச் சமையலறையிலதான் என்றாள். உன் முகமும் அவன் முகமும் எப்படிக் கோணிக்கொண்டு போயின, உன் கையில் இருந்த தட்டில் என்ன பூ போட்டிருந்தது என்பதுவரை சொன்னாள். "எதிர்ல இருக்கறது எதுவும் தெரியல, அது மட்டும் பளிச்சுன்னு தெரியுது. பார்வை போனதுக்கு அப்புறம் எனக்கு மிஞ்சப்போறது அந்த ரெண்டு முகம்தான். அதுக்கு மேல வேற ஒண்ணு வந்து விழாதான்னு பார்த்தேன்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள், பிறகு விளக்கைப் போடச் சொன்னாள். விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது.

எனக்கு இதற்கு மேல் வழி தெரியவில்லை, பெரியவளே. நீங்கள் வருவீர்கள் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை, அதை மறைத்து எழுத இஷ்டமில்லை. ஆனாலும் அறைகளை விட்டுவிடாதே என்று கடைக்குட்டியிடம் சொல்லியிருக்கிறேன். இருபத்தைந்தாம் தேதி மத்தியானம் ஒரு மணிக்கு, பக்கவாட்டில் வெளிச்சம் விழுகிற ஜன்னலோர மேசை, ஏழு நாற்காலி. மாப்பிள்ளைக்கு லீவு கிடைத்தால் எட்டாவது போடச் சொல்கிறேன். அம்மாவை எப்படியாவது கூட்டிக்கொண்டு வருவது என் பொறுப்பு, தூக்கிக்கொண்டாவது வருவேன். நீ அவனோடு பேச வேண்டும் என்றுகூட நான் கேட்கவில்லை. மருமகளிடம் மட்டும் ஒரு வார்த்தை, எழுதியோ போனிலோ, உனக்கு எப்படி வருகிறதோ அப்படி. என்ன வார்த்தை என்று நான் சொல்லித் தர மாட்டேன், நான் சொல்லிக் கொடுத்த லட்சணத்தைத்தான் மூன்று வருஷமாகப் பார்க்கிறோமே.

பேத்திக்குக் காது மூடுகிற தொப்பி எடுத்து வை, அங்கே ஆற்றுக் காற்று பொல்லாதது. நீ வெறும் காபியைக் குடித்துவிட்டு வேலைக்கு ஓடாதே, மாப்பிள்ளையிடம் என் அன்பைச் சொல். கண் விஷயம் தெரிந்ததாக அம்மாவிடம் காட்டிக்கொள்ளாதே. எங்கே இருந்தாலும் நீயும் உன் வீடும் குறையில்லாமல் இருக்க வேண்டும், ஆண்டவன் உங்களை எந்த நாளும் கைவிடாமல் காக்க வேண்டும். அம்மா இப்போது எனக்கு எதிரில்தான் உட்கார்ந்திருக்கிறாள். கல்யாணமான நாளிலிருந்து நான் எதை எழுதினாலும் தோளுக்கு மேல் எட்டிப் படித்து, எழுத்துக் கோணல் என்பாள். இன்றைக்கு அவள் முன்னாலேயே அவளைப் பற்றி இவ்வளவும் எழுதிவிட்டேன், யாருக்கு என்று கேட்டாள், மின்சார ஆபீசுக்கு என்றேன். "இவ்வளவு நீளமா எழுதினா யார் படிப்பாங்க, அவங்க எங்க பதில் போடப் போறாங்க" என்று சொல்லிவிட்டு, தபால்தலை வைத்திருக்கும் டப்பாவை மேசை மேல் தடவித் தடவித் தேடி எடுத்து என் பக்கம் நகர்த்தி வைக்கிறாள்.

இப்படிக்கு,
உன் அப்பா